கனகசபை அண்ணரின் முகத்துக்குப் பின்னால்

செத்துப்போன ஒரு மனிதரின் முகத்தை எடுத்து என் பெயருக்கு மேல் ஒட்டினேன். பட்டப்பகலில், சந்தியில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒட்டினேன். பார்த்தவர்கள் என்னை மெச்சினார்கள்.

இதுதான் நான் செய்தது. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என் வயல் எங்கே இருக்கிறது, என் வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூட்டத்துக்குள் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது இரண்டும் சூடாகிவிடும். ஐம்பது வயதாகியும் அந்தச் சூடு போகவில்லை.

கூச்ச சுபாவம் என்று ஊர் சொல்லும். நல்ல மனிசன், வாய் திறக்காது என்று சொல்லும். இந்தப் பெயரை நான் எத்தனை காலம் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

தம்பலகாமத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் வயல். முதுகுத்தண்டில் நோ வந்தபிறகு நான் வயல் செய்வதில்லை. கிண்ணியாவைச் சேர்ந்த நவாஸுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். விடிய முன்னரே மோட்டார் சைக்கிளில் வந்து வரம்பில் நிற்பார். குத்தகை நெல்லை ஒருநாளும் பிந்திக் கொடுத்ததில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, என் மனைவி கொடுக்கும் தேத்தண்ணியைக் குசினி வாசலில் நின்றபடியே குடிப்பார். மழை நாளில் கூரை ஒழுகும். அந்த ஒழுக்குக்குத் தலையைச் சரித்துக்கொண்டு குடிப்பார்.

நான் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் சின்னச் சின்ன வேலைகள் செய்து வந்தேன். வாய்க்கால் கதவு திறப்பது, கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது, அறிவித்தல் ஒட்டுவது. பசை காய்ச்சுவதில் நான் கெட்டிக்காரன். கோதுமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்குவேன். நான் ஒட்டினால் மழைக்கும் அசையாது.

அசையவில்லை... அதுதான் பிறகு எனக்கு வினையாகிப் போனது.

பெரும்போகம் தொடங்கும்போது உரப் பசளைக்கென்று அரசாங்கம் மானியம் கொடுக்கும். காணி யாருடையது என்பது கணக்கில்லை. அந்தப் போகத்தில் வயலைச் செய்கிறவர் எவரோ, அவருடைய வங்கிப் புத்தகத்துக்கே பணம் போகவேண்டும். சட்டம் அப்படி. ஆனால் எங்கள் பக்கத்தில் வெகுகாலமாகப் பெயர்ப்பட்டியல் அமைப்புச் செயலாளரின் பைக்குள்ளேயே பிறந்து பைக்குள்ளேயே முடிந்துவிடும். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை எவரும் பார்த்ததில்லை.

இதை மாற்றியவர் கனகசபை அண்ணர்.

அவரும் வயல்காரர்தான். ஒரு பழைய உழவு இயந்திரமும் உரத்த குரலும் வைத்திருந்தார். அரசாங்கக் கமநல நிலையத்துக்கு மூன்று போகமாக நடந்து, கடிதம் கொடுத்து, கடைசியில் உத்தியோகத்தரையே எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார். பட்டியலைச் சந்திப் பலகையில் இரண்டு கிழமை ஒட்டவேண்டும், ஆட்சேபனை உள்ளவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், அதன்பிறகே மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று. போனபிறகு அந்தப் போகத்துக்கு ஒரு எழுத்தும் மாற்ற ஏலாது.

செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "பேர் ஒட்டினா நாளைக்குக் காகம் வந்து எச்சம் போடும், அதுக்கும் அண்ணர் ஒரு கூட்டம் வைப்பார்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணரும் சிரித்தார். பிறகு கடைசி வரிசையில் இருந்த என்னைக் கைநீட்டிக் காட்டினார். "ஒட்டுறதுக்கு எங்கட செல்வராசா இருக்கிறான். வாய் ஊமை. ஆனா கை சுத்தம்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

அதே கூட்டத்தில்தான் பெயர் எழுதினார்கள். அன்றைக்கு நவாஸ் வரவில்லை. கிண்ணியாவில் அவருடைய மச்சினனுக்குக் கலியாணம். முதல் நாளே அடையாள அட்டையின் பிரதியையும் வங்கிப் புத்தகத்தின் பிரதியையும் என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். "நீங்க குடுத்திடுங்க அண்ணன். நீங்க குடுத்தாச் சரி," என்றார்.

அந்த இரண்டு தாளும் மடித்தபடி என் சட்டைப்பையில் இருந்தன.

செயலாளர் வரிசையாகக் கூப்பிட்டு வந்தார். என் முறை வந்தது. தலையை நிமிர்த்தாமலே, "செல்வராசா, ரெண்டு ஏக்கர். உன்ர பேர்தானே?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான்... ஒரு தலையாட்டு!

ஏன் ஆட்டினேன்? எழுந்து நின்று, இல்லை, வேறு ஆள் செய்கிறார் என்று சொல்லக் கூசியதாலா? பின்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்பதாலா? பல மாதம் நான் எனக்கு இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டேன். அது பொய். கேளுங்கள்: கூட்டம் முடிந்து செயலாளர் தனியாகத்தான் நின்றார். கிட்டப்போய்த் தாளை நீட்டினால் போதும், வாய் திறக்கவே தேவையில்லை. நான் கதிரைகளை அடுக்கினேன். ஒவ்வொன்றாக, மெதுவாக, அவர் போகும்வரை அடுக்கினேன். அடுக்கும்போது என் மனதில் ஓடியது குசினிக் கூரை. புதுத் தகரம் போட எவ்வளவு வரும் என்று ஓடியது.

வெட்கப்படுகிறவனுக்கு இந்தக் கணக்கு எப்படி ஓடும்?

பட்டியல் வந்தது. எங்கள் வயல்வெளிக்கு இரண்டு தாள். சந்திப் பலகையில் நட்டநடுவில் ஒட்டினேன். ஒரு பக்கம் நுளம்பு ஒழிப்பு அறிவித்தல், மற்றப் பக்கம் மின்வெட்டு நேரம். சனம் வந்து பார்த்தது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடினார்கள், கண்டதும் போய்விட்டார்கள். அடுத்தவன் பெயரை யார் பார்க்கிறார்கள்? என் பெயருக்கு நேரே இரண்டு ஏக்கர் என்றிருந்தது. காணி என்னுடையது என்று ஊருக்கே தெரியும். எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

ஒருவரைத் தவிர.

கனகசபை அண்ணர் பட்டியலை முதலாவது பெயரிலிருந்து விரல் வைத்து வாசித்தார். வெயிலுக்குள் நின்று வாசித்தார். நான் பசை வாளியைக் கழுவுவதுபோல் பக்கத்தில் குந்தியிருந்தேன். விரல் இரண்டாவது தாளில் ஓரிடத்தில் நின்றது. அது எந்த இடம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"செல்வராசா," என்றார். உரத்த குரல்காரர், அன்றைக்கு மட்டும் மெல்லக் கதைத்தார். "இந்த முறையும் நவாஸ்தானே செய்யிறான்?"

"ஓம்."

"அப்ப இது?"

"மாத்தவேணும் அண்ணை..."

பலகையிலிருந்து விரலை எடுத்தார். "ரெண்டு கிழமை கிடக்குது. நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா உனக்கு மரியாதை இல்லை."

என் மரியாதையைப் பற்றி யோசித்திருக்கிறார்! நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டு உண்மையானது என்றுதான் இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். அடுத்த நாள் கமநல நிலையம் போகச் சட்டைகூட எடுத்து வைத்தேன். போகவில்லை. முதுகு நோ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலை கனகசபை அண்ணர் வயலிலிருந்து வந்து, கை கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டபோது எனக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் எப்படியாவது சொல்லிவிடலாம். இதைச் சொல்ல...

நெஞ்சு இலேசாகியது.

அழுகை பிறகு வந்தது. உண்மையான அழுகைதான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு மூச்சு விடுகிற நேரம், நெஞ்சு இலேசாகியது. விசயம் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார்! என்னை மரியாதையோடு விட்டுவைத்த மனிதர் செத்ததற்கு நான் ஆறுதலடைந்தேன்.

அஞ்சலி நோட்டீசுகள் திருகோணமலை ரவுனில் அச்சடித்து வந்தன. பெரிய தாள். சுற்றிவரக் கறுப்புக் கரை, நடுவில் அண்ணரின் படம். ஒட்டும் வேலை என்னுடையது; வேறு யாரிடம் கொடுப்பார்கள்? கோயிலடி, கடைத்தெரு, பால் சேகரிக்கும் இடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு சந்திக்கு வந்தேன். மத்தியான நேரம். பலகையைப் பார்த்தேன். நுளம்பு அறிவித்தல் பழசு, அதைக் கிழித்துவிட்டு அங்கே ஒட்டலாம். மின்வெட்டு நேரம் எல்லாருக்கும் மனப்பாடம், அதன் மேலும் ஒட்டலாம்.

நான் நடுவில் பசை பூசினேன். இரண்டு தாளின் மேலும், மூலை முடுக்கு விடாமல் பூசினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கலாம். அஞ்சலி நோட்டீசை முப்பத்தோராம் நாள் வரை எவரும் கிழிக்கமாட்டார்கள். அதன் மேல் இன்னொன்று ஒட்டமாட்டார்கள். தேர்தல் நோட்டீசு ஒட்டுகிறவர்கள்கூட அந்த முகத்துக்கு இடம் விட்டுத்தான் ஒட்டுவார்கள். அதை நான் மறந்துவிட்டு ஒட்டவில்லை. நன்றாக நினைத்துக்கொண்டு ஒட்டினேன். முப்பத்தொரு நாளுக்கு முன்னாலேயே இரண்டு கிழமை முடிந்துவிடும் என்று... பார்த்தீர்களா? எனக்குக் கணக்கு வரும்.

முகத்தைப் புறங்கையால் தடவி, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தினேன். நெற்றியை, கன்னத்தை. தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவர், "நடுவில வைச்சாய் பார், அதுதான் முறை. அந்தாள் அலைஞ்சதே இந்தப் பலகைக்குத்தானே," என்றார்.

ஓம். பட்டியல் வெளியில் தெரியவேண்டும் என்று மூன்று போகம் அலைந்தவரின் முகத்தாலேயே பட்டியலை மூடினேன். நான் அப்படித் திட்டம் போடவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தபிறகும் கையை எடுக்கவில்லை.

நாலைந்து நாளில் நவாஸ் வந்தார். சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார். அண்ணரின் முகத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். தாளின் ஒரு மூலை கொஞ்சம் எழும்பியிருந்தது. அதற்குள் பட்டியலின் கோடு தெரிந்தது. விரலால் தூக்கினால் போதும்! நவாஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வேற்று ஊரில், வேற்றுச் சமயத்து மனிதரின் சாவு நோட்டீசில் கை வைக்கிற ஆள் இல்லை அவர்.

நான் மதகடியில் நின்றதைக் கண்டு வந்தார்.

"லிஸ்ட் இன்னம் ஒட்டல்லையா அண்ணன்?"

இல்லை என்று தலையை அசைத்தேன்.

"ஒட்டினா ஒரு கோல் பண்ணுங்க. எனக்கு இங்க வேற ஆரையும் தெரியா."

முதலாவது தலையாட்டைக் கூச்சம் என்று சொன்னேன். இரண்டாவதை உண்மை என்று சொன்னேன். இந்த மூன்றாவதை என்னவென்று சொல்ல? நீங்களே ஒரு பெயர் வையுங்கள். எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

இரண்டு கிழமை முடிந்தது. பட்டியல் மேலிடத்துக்குப் போனது. பணம் என் புத்தகத்துக்கு வந்தது. அப்போதுகூட அதை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் அரை மணி நேரத்தில் அவர் வீடு. ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கையில் வைத்துவிட்டு வரலாம். நான் தகரம் வாங்கினேன். மானியம் வந்தது என்றேன். நல்லகாலம் என்றாள் மனைவி. அவள் மேல் ஒரு பிழையும் இல்லை.

நவாஸ் பசளையைக் கடனுக்குக் கேட்டு அலைந்தார். கிடைத்தபோது பருவம் தப்பிவிட்டது. பயிர் மஞ்சளாய் நின்றது. கதிர் பாதிக்குமேல் மணியில்லாத சப்பி. குத்தகை நெல்லை மட்டும் குறையாமல் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் இறைக்கும் மெசினை விற்றுத்தான் அதைச் சரிக்கட்டினார் என்று பின்னால் அறிந்தேன்.

அன்றைக்கும் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். அன்றைக்கும் மழை. நவாஸ் வழக்கம்போல் தலையைச் சரித்தார். ஒழுகவில்லை என்று கண்டதும் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"கூரை நல்லா இரிக்கு அண்ணன்," என்றார்.

அதன்பிறகு, கமநல நிலையத்தில் விசாரித்ததாகச் சொன்னார். பட்டியல் ஒட்டப்பட்டது, ஆட்சேபனைக்கு நாள் கொடுக்கப்பட்டது, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார்களாம். அந்தக் காணிக்கு யாருடைய பெயர் இருந்தது என்று அவர் கேட்டாரா, அவர்கள் சொன்னார்களா, என்பதை என்னிடம் சொல்லவில்லை. குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த போகம் தான் செய்யவில்லை என்று சொல்லிப் போனார்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் கூரையைப் பற்றிச் சொன்னாரா? அல்லது ஒழுக்கு நின்றதைக் கண்ட சந்தோசத்தில் சொன்னாரா? உண்ணும்போது மேலே பார்க்கிறேன். மழை தகரத்தில் விழும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. தெரியும் என்றால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம், அது எனக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்! தெரியாது என்றால்... அது இன்னும் மோசம்.

இப்போது அவர் காலையில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மூட்டை தூக்கப் போகிறார். ரவுனுக்குப் போகும் நாளில் பேருந்தில் காண்பேன். இடம் இருந்தால் எழும்பி என்னை இருக்கச் சொல்வார், முதுகு நோ என்பதற்காக. நான் இருப்பேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் நோட்டீசை உரிக்கப் போனேன். ஈரத்துணியால் ஊற வைத்தேன். கழன்றது, ஆனால் தனியாகக் கழலவில்லை. பட்டியலும் அதோடு சேர்ந்தே வந்தது. என் பசை அப்படி. பிரிக்கப் பார்த்தால் அண்ணரின் முகம் கிழிந்தது, நெற்றிக்குக் குறுக்கே. அப்படியே மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியின் அடித்தட்டில், நவாஸ் தந்த இரண்டு பிரதிகளோடு வைத்தேன்.

வீட்டில் ஆளில்லாத நேரங்களில் அதை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன். முகத்துக்குப் பின்னால் எழுத்துகள் மங்கலாய்த் தெரிகின்றன. என் பெயரை உடனே கண்டுவிடுவேன். அது அண்ணரின் வாய்க்கு நேரே இருக்கிறது. ஆனாலும் முதலாவதிலிருந்து கடைசிவரை விரல் வைத்துத் தேடுகிறேன், அதில் ஒருநாளும் இல்லாத ஒரு பெயரை.

இந்தப் போகத்துக்கு முன்னால், கனகசபை அண்ணரின் மனைவி லெட்சுமி அக்கா சந்தியில் ஒரு புதுப் பலகை போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக் கதவு, பூட்டு, அதற்கு ஒரு திறப்பு. மேலே அண்ணரின் பெயர் எழுதியிருந்தது. இனிமேல் அறிவித்தல் மழையில் நனையாது, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுகிற வேலையும் இல்லை என்று உத்தியோகத்தர் சொன்னார். போகிற வழியில் பேருந்தை விட்டிறங்கி நவாஸும் வந்து ஓரமாக நின்றார்.

லெட்சுமி அக்கா கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார். "தம்பி, திறப்பு உங்களிட்ட இருக்கட்டும். அவர் உங்களைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுறவர்," என்று என் கையைப் பிடித்து விரித்து அதை வைத்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். நவாஸும் பார்த்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது.

நான் தலையாட்டினேன்.

புதுப் பட்டியல் நேற்று என் கைக்கு வந்துவிட்டது. என் வயல் இந்தப் போகம் தரிசு; என் பெயர் அதில் இல்லை. நவாஸின் பெயரும் இல்லை. எவரும் குறை சொல்ல முடியாத சுத்தமான பட்டியல். இனிப் பசை தேவையில்லை, ஊசிகளால் குத்திக் கண்ணாடியைச் சாத்தினால் போதும்.

திறப்பு என் சட்டைப்பையில் கிடக்கிறது. அன்றைக்கு நவாஸின் தாள்கள் இருந்த அதே பை. நடக்கும்போது நெஞ்சில் இடிக்கிறது.